சேத் நகரத்தில் ஓர் இரவு தங்க விடுங்கள்

தென் பிரான்ஸுக்குத் தமிழர்களை அழைத்துவரும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஐரோப்பாவுக்குக் குழுக்களை அழைத்துவருகிறீர்கள். பாரிஸில் இருக்கும் நம் குடும்பங்களை ஆகஸ்டு விடுமுறையில் பேருந்து பிடித்துத் தெற்கே கூட்டிவருகிறவர்களும் உங்களில் உண்டு. உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும். விசா, பயணச்சீட்டு, தயிர்சாதம், முழங்கால் வலிக்கிற பெரியவர்கள் என்று எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகிற வேலை சுலபமானதல்ல. அதனால் இதைக் குறை சொல்கிற கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வேண்டுகோள் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் மோன்பெலியேயில் வசிக்கிறேன். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் தென்மேற்கே, மத்தியதரைக் கடலோரத்தில் சேத் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. ரயிலில் இருபது நிமிடம்கூட ஆகாது. அண்மையில் தெரிந்த குடும்பம் ஒன்று அவர்களுடைய பயணத்திட்டத்தை எனக்கு அனுப்பியிருந்தது. நீஸ், மொனாக்கோ, மார்செய் எல்லாம் முடித்து பார்சிலோனா போகிற வழியில், 'மதியம் 1.30: சேத், புகைப்படம் எடுக்க 45 நிமிடம்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

ஏனென்றால் மதியம் ஒன்றரை மணிக்கு சேத்தில் பார்க்க எதுவும் இருக்காது. சந்தையில் கடைகளைக் கழுவிவிட்டு மூடிக்கொண்டிருப்பார்கள். தெருக்கடைகளின் கதவு சாத்தியிருக்கும். மீன்பிடிப் படகுகள் கடலில் இருக்கும். ஊர்க்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். உங்கள் குழு இறங்கி, வெயிலில் நின்று, கால்வாயைப் படம் எடுத்துக்கொண்டு, 'ஒன்றுமில்லாத ஊர்' என்று நினைத்தபடி பேருந்தில் ஏறிவிடும். அவர்கள் மேல் தப்பில்லை. இந்த ஊருக்கென்று சில நேரங்கள் இருக்கின்றன. அந்த நேரத்தில் அங்கே இருக்கிறவர்களுக்குத்தான் அது தன்னைக் காட்டும்.

முதலில் ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் தோ காயல், கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் நீளமுள்ள உப்புநீர்ப் பரப்பு. இரண்டுக்கும் நடுவில் சேன் கிளேர் குன்று, ஏறக்குறைய 180 மீட்டர் உயரம். குன்றின் அடிவாரத்தில் கடலையும் காயலையும் இணைக்கும் கால்வாய்கள், அவற்றின் கரையில் மஞ்சளும் காவியும் இளஞ்சிவப்புமாக வீடுகள். மக்கள்தொகை சுமார் 44,000. பிரான்ஸின் கணக்குப்படி இது இளம் ஊர்தான்: பதினான்காம் லூயி அரசனின் காலத்தில், 1666 ஜூலை 29 அன்று துறைமுகத்துக்கு முதல் கல் வைத்தார்கள். அட்லாண்டிக் பக்கத்திலிருந்து சரக்குகளைத் தண்ணீர் வழியாகவே மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பியேர் போல் ரிக்கே கால்வாய் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கால்வாய் வந்து சேர ஒரு துறைமுகம் தேவைப்பட்டது, அதற்காகவே உருவானது சேத்.

வரலாறு இவ்வளவு போதும். இனி நேரங்களுக்கு வருகிறேன்.

காலையில் சந்தை. நகரத்தின் நடுவில் கூரை போட்ட சந்தைக் கட்டடம் இருக்கிறது. புதன்கிழமை என்றால் சுற்றியுள்ள தெருக்களிலும் கடை பரப்பிவிடுவார்கள். உள்ளே மீன்கடைகள்தான் ராஜா. நெத்திலி, மத்தி, நகரை, ஓட்டுக்கணவாய், ஊசிக்கணவாய், பேய்க்கணவாய் என்று நம் ஊர்க் கடற்கரைக்காரர்கள் பார்த்தவுடனே பேர் சொல்லக்கூடிய சரக்கு நிறைய இருக்கும். மீன் வாங்குகிற பாட்டிமார் கடைக்காரரிடம் அதை எப்படிச் சமைக்கப் போகிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுத்துவதில்லை. பல சமயம் அவர்களும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டு, பூண்டு எவ்வளவு, வைன் எப்போது ஊற்றுவது என்று கருத்துச் சொல்வார்கள். பக்கத்திலேயே உயரமான மேசைகள் போட்ட சின்ன மதுக்கடைகள் உண்டு. காலை பத்தரை மணிக்கே ஒரு தட்டு சிப்பியும் ஒரு குவளை வெள்ளை வைனுமாக ஊர்க்காரர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அந்த வைன் பெரும்பாலும் காயலின் மறுகரையில் விளையும் பிக்பூல் திராட்சையிலிருந்து வந்ததாக இருக்கும்.

இந்த ஊரின் சொந்தப் பலகாரம் தியெல். உங்கள் குழுவில் அசைவம் சாப்பிடுகிறவர்கள் இதைச் சாப்பிடாமல் கிளம்பினால் எனக்கு மனசு கேட்காது. ரொட்டி மாவை உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகத் தட்டி, நடுவில் தக்காளியும் காரமும் சேர்த்து வதக்கிய பேய்க்கணவாயை வைத்து, மேலே இன்னொரு வட்டத்தால் மூடி, சோமாசி ஓரம் மடிப்பதுபோல விளிம்பை மடித்துச் சுடுவார்கள். அடுப்பிலிருந்து வரும்போது மேல்பக்கம் செம்மஞ்சளாகப் பளபளக்கும். அந்த நிறம் தக்காளியும் எண்ணெயும் கொடுப்பது. கத்தி, முள்கரண்டி எதுவும் வேண்டாம். காகிதத்தில் சுற்றித் தருவார்கள், கால்வாய்க் கரையில் உட்கார்ந்து கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டியதுதான். கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடுவதைவிடச் சற்று ஆறவிட்டால்தான் அதன் காரம் தெரியும். நம் நாக்குக்கு அது பெரிய காரமில்லை. ஆனால் பிரான்ஸில் வாரக்கணக்கில் வெண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டு அலுத்துப்போனவர்களுக்கு அந்த முதல் கடி எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தியெல் இத்தாலியிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் காயேத்தா, சேத்தாரா போன்ற கடலோர ஊர்களிலிருந்து மீனவக் குடும்பங்கள் பிழைப்புத் தேடி இங்கே வந்தார்கள். கார்த்தியே ஓ என்கிற மேட்டுப் பகுதியில் குடியேறினார்கள். அன்றைக்குப் பிடித்ததில் விலைபோகாததை வைத்து ஏழைகள் செய்துகொண்ட சாப்பாடு இன்றைக்கு ஊரின் அடையாளமாகிவிட்டது. நகர மன்றத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்து நீரூற்றில் பெரிய பேய்க்கணவாய்ச் சிலையே வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடுகளில் சமைக்கும் மக்ரோனியும் இறைச்சிச் சுருளும் சேர்ந்த மக்கரோனாதும் அதே குடும்பங்கள் கொண்டுவந்ததுதான். புலம்பெயர்ந்து வாழ்கிற நம்மவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். மேட்டுத் தெருக்களில் நடக்கிறபோது தபால்பெட்டிகளில் உள்ள இத்தாலியக் குடும்பப் பெயர்களை அவர்களே படித்துக்கொண்டு வருவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பாடு என்ன என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. உணவகங்களில் அவர்களுக்குத் தேர்வு குறைவு, மறைப்பானேன். ஆனால் சந்தையில் ஆட்டுப்பால் கட்டி, பலவகை ஆலிவ், கோடையில் பீச்சும் அத்தியும், சுடச்சுட ரொட்டி கிடைக்கும். வெள்ளை வைன் சேர்த்துச் செய்கிற சேசெத் என்ற நீளமான பிஸ்கட்டும் உண்டு, வைன் விலக்குகிறவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டைச் சந்தையில் வாங்கிக் கரையோரத்தில் வைத்துக்கொண்டால் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

அப்புறம் பாலங்கள். நகரத்துக்குள் கால்வாய்களின் மேல் இருக்கும் பாலங்களில் சில திறந்து மூடக்கூடியவை. நாளில் சில முறை, குறித்த நேரத்தில், மணி அடித்து வண்டிகளை நிறுத்துவார்கள். சாலை அப்படியே மேலே எழும்பும். காயலிலிருந்து கடலுக்கும் கடலிலிருந்து காயலுக்கும் போகக் காத்திருந்த பாய்மரப் படகுகள் வரிசையாக நகரும். காரில் இருப்பவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு வெளியே வந்து பக்கத்துக் காரோடு பேச ஆரம்பிப்பார்கள். வேலைக்குத் தாமதமானால் 'பாலம் திறந்திருந்தது' என்று சொன்னால் போதும், இந்த ஊரில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. பேருந்து மாட்டிக்கொள்ளுமே என்று நீங்கள் கவலைப்படுவீர்கள். மாட்டிக்கொள்ளட்டும். குழந்தைகளை இறக்கிப் பாலம் எழும்புவதைப் பார்க்கவிடுங்கள்.

பிற்பகல் நாலு, ஐந்து மணிவாக்கில் இழுவைப்படகுகள் திரும்பும். விடியற்காலை இருட்டிலேயே போனவை. இந்தக் கடலில் அவை பெரும்பாலும் அன்றே போய் அன்றே திரும்புகிறவை. அதனால்தான் மறுநாள் சந்தையில் மீன் அவ்வளவு புதிதாக இருக்கிறது. தூரத்தில் கடற்காகங்களின் கூட்டம்தான் முதலில் கண்ணில் படும், அதற்குக் கீழே படகு. கரை நெருங்குகிற நேரத்தில் மீனவர்கள் வலையைச் சுத்தம் செய்து கழிவைத் தண்ணீரில் போட்டுக்கொண்டே வருவார்கள், பறவைகள் இரைச்சலோடு பாயும். படகு ஏலக்கூடத்து வாசலில் நின்றதும் பெட்டி பெட்டியாக இறக்கம். உள்ளே நடக்கும் ஏலத்தில் நம் ஊர் மாதிரிக் கூவல் கிடையாது. நகரும் பட்டையில் மீன்பெட்டிகள் வரும், திரையில் விலை ஓடும், வியாபாரிகள் படிக்கட்டு இருக்கைகளில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவார்கள். சுற்றுலா அலுவலகத்தில் முன்பதிவு செய்தால் உள்ளே போய்ப் பார்க்கவும் வழியுண்டு.

இதைப் பார்க்க வாருங்கள் என்று நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சேத் பிரான்ஸின் மத்தியதரைக் கரையில் முதன்மையான மீன்பிடித் துறைமுகம். ஆனால் மீன்வளம் குறைந்துபோனதால், மேற்கு மத்தியதரைக் கடலில் இழுவைப்படகுகள் ஆண்டுக்கு எத்தனை நாள் கடலுக்குப் போகலாம் என்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் படிப்படியாகக் குறைத்துவருகிறது. மீன் பெருக அது அவசியம் என்கிறார்கள் அறிவியலாளர்கள். படகு வைத்திருக்கிறவர்களுக்கு அது கடன் கட்ட முடியாத மாதங்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. படகுகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டேதான் வருகிறது. பெரிய சூரைப் படகுகள் வேறு கணக்கு: ஆண்டின் பெரும்பகுதி கரையில் கட்டியே கிடந்து, மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரையுள்ள சின்னப் பருவத்துக்கு மட்டும் கிளம்பும்.

கால்வாய் காயலில் சேரும் இடத்தில் புவாந்த் கூர்த் என்று ஒரு மீனவர் குடியிருப்பு. தாழ்வான சின்ன வீடுகள், வாசலில் உலரும் வலைகள், எங்கு பார்த்தாலும் பூனைகள், தெருவிலேயே போட்ட சாப்பாட்டு மேசைகள். அழகான இடம்தான். ஆனால் இது காட்சிக்கூடமல்ல, ஆட்கள் குடியிருக்கிற தெரு. ஐம்பது பேரை மொத்தமாக அழைத்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் போகாதீர்கள். நாலைந்து பேராகப் பிரித்து அனுப்புங்கள். எதிரே வருகிறவர்களிடம் 'போன்ஜூர்' சொல்லச் சொல்லுங்கள், அது இல்லாமல் இங்கே எந்தப் பேச்சும் தொடங்காது. வலை பின்னுகிறவரைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். 2017 முதல் ஒரு தொலைக்காட்சித் தொடரை சேத்தில் படமாக்கிவருகிறார்கள். அதன் ரசிகர்கள் வரத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர்க்காரர்கள் கூட்டத்தை நிறையப் பார்த்துவிட்டார்கள்.

காயலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரையிலிருந்து பார்த்தால் நீர்ப்பரப்பில் வரிசை வரிசையாகச் சட்டங்கள் தெரியும். அவைதான் சிப்பி வளர்க்கும் மேசைகள். அட்லாண்டிக் கரையில் கடல் ஏறி இறங்கும். அதனால் அங்கே சிப்பிகளைத் தரையிலேயே வளர்க்கலாம், தண்ணீர் வற்றியதும் நடந்துபோய் எடுக்கலாம். மத்தியதரைக் கடலில் ஓதம் இல்லையென்றே சொல்லலாம். அதனால் இங்கே வேறு வழி கண்டுபிடித்தார்கள்: ஒவ்வொரு குஞ்சுச் சிப்பியையும் சிமெண்ட் வைத்துக் கயிற்றில் ஒட்டி, அந்தக் கயிற்றைச் சட்டத்திலிருந்து தண்ணீருக்குள் தொங்கவிடுகிறார்கள். ஆமாம், கையால், ஒவ்வொன்றாக. பூசிக் கிராமத்தில் ஏதாவதொரு சிப்பிக் கொட்டகைக்குப் போனால் இந்த ஒட்டும் வேலையை நேரில் பார்க்கலாம். எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் சிப்பி வேகமாக வளர்ந்துவிடுகிறது. ஓடு கெட்டிப்படச் சிலர் கயிறுகளைக் குறித்த நேரம் வெளியே தூக்கி வெயில் காட்டித் திரும்ப இறக்குகிறார்கள். அதற்குச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் தூக்கிகூட உண்டு. 2018 கோடையில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகி, பிராணவாயு குறைந்து, சிப்பிகளும் கல்லுமேக்காய்களும் பெருமளவில் செத்துப்போயின. அந்தக் கொட்டகைகளில் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு டஜன் சிப்பி வாங்கிச் சாப்பிடுவது அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய நேரடி உதவி.

எப்போது அழைத்துவருவது என்று கேட்டால், என் விருப்பம் அக்டோபர். ஆகஸ்டு இல்லை. இலையுதிர் காலத்தில் காயல் குளிரத் தொடங்கியதும், கோடை முழுவதும் அங்கே தின்று கொழுத்த தோராத் மீன்கள் கடலுக்குக் கிளம்பும். அவை போக வழி சேத்தின் கால்வாய்கள்தான். செய்தி பரவியதும் ஊரே தூண்டிலோடு இறங்கிவிடும். புவாந்த் கூர்த்திலும் கால்வாய்க் கரைகளிலும் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், பள்ளியை ஏமாற்றிவிட்டு வந்த பையன், இரவு வேலை முடித்து நேரே வந்த செவிலியர், எல்லாரும் ஒரே வரிசையில். நல்ல இடம் வேண்டும் என்று இருட்டிலேயே நாற்காலியோடு வந்து பிடித்துவைப்பவர்கள் உண்டு. ஒருவர் தூண்டிலில் மீன் சிக்கினால் பக்கத்தில் இருக்கிறவர்கள் தங்கள் நூலைச் சுருட்டி வழிவிட வேண்டும். அதில் அவ்வப்போது வாக்குவாதமும் வரும், அடுத்த மீன் சிக்கியதும் அது மறந்தும் போகும். இதற்கு நுழைவுச்சீட்டு கிடையாது, வழிகாட்டி தேவையில்லை. எந்தச் சுற்றுலாக் கையேட்டைவிடவும் இந்த ஊரை அந்தக் கரையில் நின்று புரிந்துகொள்ளலாம்.

ஆகஸ்டில்தான் வர முடியும் என்றால், 25ஆம் தேதியை ஒட்டி வரும் சேன் லூயி திருவிழாவுக்கு வாருங்கள். அப்போது நடப்பது நீர்ச்சமர். 1666இல் துறைமுகம் தொடங்கிய அன்றே ஆடிய விளையாட்டு, இன்றும் தொடர்கிறது. ஒரு சிவப்புப் படகு, ஒரு நீலப் படகு. படகின் பின்பக்கத்திலிருந்து சாய்வாக மேலெழும் ஏணி, அதன் உச்சியில் சின்ன மேடை, தண்ணீரிலிருந்து ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம். அதில் வெள்ளை உடுத்திய வீரர், ஒரு கையில் மரக்கேடயம், மறுகையில் 2.80 மீட்டர் நீள ஈட்டி. படகிலேயே ஒரு குழலும் ஒரு முரசும் ஒலிக்கும். துடுப்புக்காரர்கள் வலித்து இரண்டு படகுகளும் எதிரெதிரே வரும்போது அந்த இசையும் வேகமெடுக்கும். ஈட்டி எதிராளியின் கேடயத்தில் மோதும் சத்தம் கால்வாயின் இரு கரையிலும் கேட்கும். ஒருவர் தண்ணீரில், சில சமயம் இருவருமே. திங்கட்கிழமை நடக்கும் எடைமிக்கோர் போட்டிதான் உச்சம், நூறு கிலோவைத் தாண்டிய ஆட்கள் மோதுவார்கள். அதில் வென்றவரின் பெயரை ஊர் தலைமுறைக்கும் நினைவில் வைத்திருக்கும். சின்னப் பிள்ளைகள் சக்கரம் வைத்த வண்டியில் ஏறி நின்று பழகுவார்கள். உங்கள் குழுவில் சிறுவர்கள் இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். அன்றைக்கு ஊருக்குள் பேருந்து நிறுத்த இடம் கிடைக்காது. மோன்பெலியேயிலிருந்து ரயிலில் வாருங்கள், நிலையத்திலிருந்து கால்வாயோரமாகவே நடந்துவிடலாம்.

ஜூலை தொடக்கத்தில் சேன் பியேர் திருவிழாவும் உண்டு. மீனவர்கள் தங்கள் காவலரான புனித பேதுருவின் சிலையைத் தோளில் சுமந்து படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். கடலில் போனவர்களை நினைத்து நீரில் மலர் தூவுவார்கள். அப்போது பேச்சும் படமும் வேண்டாம் என்று உங்கள் குழுவிடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு யோசனை. சேன் கிளேர் குன்றுக்கு நடந்து ஏறுவது கடினம், தெருக்கள் செங்குத்து. நகரப் பேருந்தோ வாடகைக் காரோ பிடித்து மேலே போய்விடுங்கள். உச்சியில் சிறிய தேவாலயமும் அதன் எதிரே பார்வை மேடையும் உண்டு. அங்கிருந்து ஒரு பக்கம் துறைமுகமும் கடலும், மறுபக்கம் காயலும் சிப்பி மேசைகளும், இரண்டுக்கும் நடுவே மார்செயான் வரை ஓடும் பன்னிரண்டு கிலோமீட்டர் மணல் கடற்கரையும் தெரியும். முன்பு அந்தக் கடற்கரையை ஒட்டியே சாலை போனது. கடல் மணலை அரித்து உள்ளே வந்துகொண்டிருந்ததால் சாலையைப் பெயர்த்துப் பின்னால் தள்ளிப் போட்டு, மணல்மேடுகளைத் திரும்ப எழுப்பினார்கள். கடலோடு மல்லுக்கட்டாமல் விலகிக்கொண்ட அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். குன்றின் கடலோரச் சரிவில் உள்ள கல்லறைத் தோட்டத்தில்தான் இந்த ஊரில் பிறந்த கவிஞர் போல் வலேரியும், அவினியோன் நாடக விழாவை 1947இல் தொடங்கிய ழான் விலாரும் அடக்கமாகியிருக்கிறார்கள். இலக்கிய ஆர்வமுள்ளவர்கள் குழுவில் இருந்தால் அங்கே அரைமணி நேரம் கொடுங்கள்.

சரி, என்னதான் கேட்கிறேன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த 45 நிமிடத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில், ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து, படகுகள் திரும்புவதைப் பார்த்து, மாலையில் கால்வாயோரம் நடந்து, ஊரிலேயே இரவு தங்கி, மறுநாள் காலைச் சந்தையை முடித்துக்கொண்டு பதினோரு மணிக்குக் கிளம்புங்கள். இருபது மணி நேரம். நீஸில் மூன்று இரவு வைத்திருக்கிறீர்கள், அதில் ஒன்றை இங்கே மாற்றினால் போதும். கோடைக்கு வெளியே அறை வாடகையும் நீஸைவிடக் குறையும், கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய பேருந்தை நகரத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு வர நேரம் ஒதுக்குங்கள். பாலம் திறக்கும் நேரங்களைத் துறைமுக அலுவலகத்தில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டுக்கான பயணத்திட்டங்களை நீங்கள் இப்போதே எழுதிக்கொண்டிருப்பீர்கள். அது அச்சுக்குப் போகும் முன் அந்த வரியை மட்டும் மாற்றிவிடுங்கள். அக்டோபரில் ஒரு குழுவையாவது அனுப்புங்கள். தோராத் மீன் இறங்கும் வாரம் எது என்று உறுதியாக முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது, அது குளிரைப் பொறுத்தது. அதனால் மாதத்தின் நடுவில் தேதி வையுங்கள்.

இப்படிக்கு,
மோன்பெலியேயிலிருந்து,
சேத்தை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகர்